சுபஹுப் பாங்கும் பரீட்சைக் காலமும்

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வண்ணார்பண்ணையில், சோனகத் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு இருந்தது. க.பொ.த. உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என்னை எழுப்புவதற்கு வீட்டில் அலாரம் மணிக்கூடு எதுவும் இருக்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து எழும் சுபஹுத் தொழுகைக்கான பாங்கொலிதான் என்னை எழுப்பிற்று. பாங்கு கேட்டதும் அம்மா அடுப்பை மூட்டுவார். தேநீர் கொதிப்பதற்குள் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வந்து புத்தகத்தின் முன் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குச் சற்று நேரம் கழித்தே வைத்தீசுவரன் கோயில் மணி கேட்கும். சைவக் குடும்பத்துப் பிள்ளையான நான் பரீட்சைக்குப் படித்தது முஸ்லிம்களின் தொழுகை நேரத்தை வைத்துத்தான் என்பதை அந்த வயதில் எண்ணிப் பார்த்ததில்லை. பாங்கு பறைந்தால் பிள்ளைகள் எழும்ப வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளின் வழக்கமாக இருந்தது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதிக்குப் பின்னர் அந்த ஒலி நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

தொழுகை மாணவர்களின் படிப்புக்குத் துணை செய்யுமா, மனத்தை ஒருமுகப்படுத்துமா என்ற கேள்வி பரீட்சைக் காலங்களில் அடிக்கடி எழுகிறது. தொழுதால் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்பது போலச் சிலர் பேசுவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மார்க்கம் தெரிந்த முஸ்லிம்களுக்கும் அதில் உடன்பாடு இருக்காது என்றே நினைக்கிறேன். தொழுகைக்கு முதற்படி நிய்யத், அதாவது இறைவனுக்காக என்ற எண்ணம். புள்ளிக்காகத் தொழுகிறேன் என்று எவரும் நிய்யத் வைப்பதில்லை. ஆனாலும், படிப்போடு தொழுகைக்கு ஒரு தொடர்பு இருந்ததை யாழ்ப்பாணத்தில் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தத் தொடர்பு என்ன என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

என்னோடு படித்த நண்பன் ஒருவன் சோனகத் தெருவைச் சேர்ந்தவன். பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருவரும் சேர்ந்து படிப்போம். மஃரிபு நேரமானதும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவான். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, விட்ட வரியிலிருந்து தொடங்குவான். நானோ அந்தக் கால் மணி நேரத்தில் படலையடிக்குப் போய், வீதியில் போவோர் வருவோரைப் பார்த்து, வானொலியில் செய்தி கேட்டு, மீண்டும் உட்காரும்போது எங்கே விட்டேன் என்பதே தெரியாமல் தடுமாறுவேன். "அந்தத் தம்பியைப் பார்த்துப் பழகு" என்று அம்மா சொல்லுவார். அவனுடைய கொப்பியின் உட்பக்கத்தில் ஓர் அட்டவணை எழுதப்பட்டிருந்தது. நான்கு மணி, ஐந்து மணி என்று அதில் இல்லை. 'சுபஹுக்குப் பிறகு வரலாறு, அஸருக்கு முன் அளவையியல், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தமிழ்' என்று இருந்தது. மணிக்கணக்கில் போட்ட என் அட்டவணைகள் ஒரு கிழமைக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை. அவனுடையது பரீட்சை முடியும்வரை மாறவேயில்லை.

ஏன் மாறவில்லை என்பதற்குப் பூகோளமும் ஒரு காரணம். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகையிலிருந்து பத்துப் பாகைக்குள் அமைந்த நிலம். ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறுவதில்லை. ஐவேளைத் தொழுகையும் சூரியனை வைத்துக் கணிக்கப்படுவது. ஆகவே வைகறையில் சுபஹு, நண்பகல் கழிந்ததும் லுஹர், மூன்றரை மணியை ஒட்டி அஸர், பொழுதுபட மஃரிபு, ஏழரை மணியளவில் இஷா என்று அது ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் ஓடும். பாடசாலை முடிவதோ பிற்பகல் இரண்டு மணிக்குள். லுஹருக்குரிய வேளை அஸர் வரையில் நீள்வதால், வீட்டுக்கு வந்து தொழுவதற்குத் தாராளமாக நேரம் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ ஒன்றுதான் பாடசாலை நேரத்தோடு முட்டும். அதனாலேயே இலங்கையின் முஸ்லிம் பாடசாலைகள் வெள்ளியன்று முற்பகலிலேயே கலைந்துவிடுகின்றன; அவற்றின் நீண்ட விடுமுறை ரமழானை ஒட்டி வருகிறது.

இந்த வசதி எல்லா ஊர்களுக்கும் வாய்த்ததல்ல. ஈழத்தமிழர் செறிந்து வாழும் லண்டன் வெம்பிளியில், மைக்கேலா என்ற பாடசாலையில் 2023ஆம் ஆண்டு மாணவர்கள் சிலர் மதிய இடைவேளையில் முற்றத்தில் தொழத் தொடங்கினர். நிர்வாகம் அதைத் தடை செய்தது. மாணவி ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2024 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் பாடசாலைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தவறிய தொழுகையைப் பின்னர் களாவாக நிறைவேற்றலாம் என்பதும் அங்கே பேசப்பட்டது. வழக்கின் சரி பிழையை விட்டுவிடுவோம். லண்டன் குளிர்காலத்தில் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது; லுஹரின் வேளை முழுவதும் பாடசாலைக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து மாணவனுக்கு இயல்பாக அமைந்த ஒன்று அங்கே நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது.

படிப்பும் பிரார்த்தனையும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் செபமும் பாடமும் ஒரே மணியின் கட்டுப்பாட்டில் நடந்தன. அதற்கு மாற்றாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, சைவ சமயத்தையும் படிப்பையும் பிரிக்க முடியாதவாறு இணைத்தார். இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்துச் சோனகர். மதம் மாற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில் மிஷன் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர். இலங்கை முழுவதும் முஸ்லிம்களின் நிலை அன்று இதுதான். கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலக் கல்வியைத் தவிர்க்காதீர்கள் என்று சமூகத்தைத் தட்டியெழுப்ப வேண்டியிருந்தது. நாடு கடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த எகிப்தியத் தலைவர் அராபி பாஷாவும் அம்முயற்சிக்கு ஊக்கம் தந்தார். 1892இல் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி எழுந்த மத்ரஸாவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாயிற்று.

ஆனால் பாடசாலைக்குப் போகாத பிள்ளைகூட ஓதப்பள்ளிக்குப் போயிற்று. ஓதப்பள்ளி என்றால் குர்ஆன் மத்ரஸா. லெப்பையின் முன் வரிசையாக உட்கார்ந்து, பலகையில் எழுதிய எழுத்துகளை உரத்த குரலில் ஓதிப் பழகுவார்கள். அரபு எழுத்தைக் கற்ற பிள்ளைக்கு அறபுத்தமிழும் கைவந்துவிடும். தமிழ் மொழியை அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்குச் சில எழுத்துகளைப் புதிதாக அமைத்து எழுதும் முறை அது. தமிழ் எழுத்துப் படிக்காத பெண்கள்கூட அறபுத்தமிழ் நூல்களை வாசித்தார்கள். முஸ்லிம் பெண்கள் படிப்பறிவற்றிருந்தனர் என்று எழுதிய அக்காலக் கணக்கெடுப்பாளர்கள் இந்த வாசிப்பை எந்தக் கட்டத்துக்குள் போட்டார்களோ தெரியாது.

ஓதப்பள்ளியின் படிப்பு மனனப் படிப்பு. எங்கள் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டையும் வாய்பாட்டையும் மனனம் செய்தது போன்றதே. ஒரு வித்தியாசம் உண்டு. நிகண்டு மனனம் செய்த பிள்ளைக்கு அதை ஒப்பிக்கும் வேளை வாத்தியார் கேட்கும்போது மட்டுமே. ஓதப்பள்ளிப் பிள்ளைக்கோ மனனம் செய்ததைச் சொல்ல நாள்தோறும் ஐந்து வேளை இருந்தது. கடமையான ஐவேளைத் தொழுகையில் மொத்தம் 17 ரக்அத்துகள். ஒவ்வொன்றிலும் அல்ஹம்து சூரா ஓத வேண்டும். அதனோடு பலவற்றில் வேறு வசனங்களும் சேரும். புத்தகத்தைப் பார்க்காமல், நினைவிலிருந்து எடுத்து ஓத வேண்டும். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட, மூடி வைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பதே மனத்தில் நிலைக்கும் என்பதை உளவியலாளர் இந்த நூற்றாண்டில் பரிசோதனைகளால் காட்டியிருக்கிறார்கள். ஒரே மூச்சில் படிப்பதை விட இடைவெளி விட்டுப் படிப்பது மேல் என்பதை ஜெர்மானியரான எபிங்ஹாஸ் 1885இலேயே எழுதிவிட்டார். இப்போது இருபத்தைந்து நிமிடம் படித்து ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கும் முறைக்கு இத்தாலியர் ஒருவர் தக்காளியின் பெயரை வைத்து உலகெங்கும் பரப்பியிருக்கிறார். தக்காளி வடிவச் சமையலறை மணிக்கூடு ஒன்றை அவர் பயன்படுத்தினாராம். என் நண்பனுக்கு அந்த வேலையை மோதினார் செய்தார்.

இதையெல்லாம் வைத்துத் தொழுகை ஒரு படிப்பு உத்தி என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒழுச் செய்வது, எழுந்து நிற்பது, குனிவது, நெற்றியை நிலத்தில் வைப்பது, பிறகு அமர்வது என்று உடலும் சேர்ந்து இயங்கும் ஒரு வழிபாடு அது. நெடுநேரம் கதிரையில் குந்தியிருந்த மாணவனுக்கு அது விழிப்பைத் தரும் என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் ஒழுங்காகத் தொழுதும் பரீட்சையில் தவறியவர்களை நான் அறிவேன். தொழாமலேயே மருத்துவ பீடம் போனவர்களையும் அறிவேன். சோனகத் தெருவிலும் இரண்டு வகையினரும் இருந்தார்கள்.

அந்த ஒழுங்கில் வளர்ந்து உயர்ந்த ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸைச் சொல்ல வேண்டும். அவருடைய படிப்பு குர்ஆன் பள்ளியில் தொடங்கிற்று. பிறகு வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவரே. கல்முனையில் பணியாற்றியபோது சுவாமி விபுலானந்தரோடு நெருங்கிப் பழகினார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். வசதியற்ற முஸ்லிம் மாணவர் பலர் பல்கலைக்கழகம் போக அது வழிவகுத்தது. 1948இல் சிவில் சேவையை உதறிவிட்டு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். மாதச் சம்பளமும் பதவியும் பெரிதாக மதிக்கப்படும் யாழ்ப்பாணத்தில் இது எத்தகைய முடிவு என்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1961 வரை அவர் அங்கே இருந்தார்.

பள்ளிவாசலை அருகில் வைத்துக்கொண்டிருந்த அந்தக் கல்லூரியின் கதவு மற்றவர்க்கும் திறந்திருந்தது. கரவெட்டியிலிருந்து போய் அங்கே படித்தவர்களுள் ஒருவர்தான் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. முஸ்லிம் பிள்ளை யாழ். இந்துவில் படித்து அதிபராகிறது. சைவப் பிள்ளை அந்த அதிபரின் ஸாஹிராவில் படித்துப் பேராசிரியராகிறது. அஸீஸ் 1973இல் காலமானார். இந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்ததை அவர் பார்க்கவில்லை.

1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரின் முறை வந்தது. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, வீட்டுக்கு ஒருவராயினும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வருமாறு பணித்தனர். பிள்ளைகள் பந்தடித்த மைதானம் அது. இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று அங்கே சொல்லப்பட்டது. ஆளுக்கு 150 ரூபாவும் மாற்றுடுப்பும் கொண்டு போகலாம் என்றார்கள். நகைகள் பறிக்கப்பட்டன. சில நாள்களுக்குள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தென்னந்தோப்புகளில் ஓலைக் கொட்டில்கள் போட்டுக்கொண்டு தங்கினார்கள்.

சாதாரண தரப் பரீட்சை அக்காலத்தில் டிசம்பரில் நடக்கும். வெளியேற்றம் நடந்தபோது பரீட்சைக்கு ஒன்றரை மாதமளவே இருந்தது. என் நண்பனின் தம்பி அவ்வாண்டு அப்பரீட்சைக்குத் தோற்றவிருந்தவன். வாப்பா துணிப்பையில் எதை வைப்பது என்று தடுமாறியபோது, தன் கொப்பிகளை வைக்கக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லையாம். இரண்டு ஆண்டுக் குறிப்புகள் அந்த வீட்டின் மேசையிலேயே கிடந்தன. அடுத்த ஆண்டுதான் அவன் பரீட்சை எழுதினான்.

அதை எப்படி எழுதினான் என்பதை, 2002 போர்நிறுத்தத்தின் பின்னர் பாதை திறந்து நான் புத்தளம் போனபோதுதான் கேட்டறிந்தேன். கொட்டிலில் மேசை இல்லை. மணிக்கூடு இல்லை. ஊர்ப் பிள்ளைகள் காலையில் படித்து முடித்த பாடசாலையில், இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பிற்பகலில் வகுப்பு நடந்தது. பகலில் தகரமும் ஓலையும் கொதித்தன. இரவில் குழந்தைகள் அழுத சத்தம் ஓயவில்லை. ஆனால் முகாம் அமைந்த சில நாள்களுக்குள் ஓலையால் ஒரு பள்ளி எழுந்துவிட்டது. பாங்கு சொல்லப்பட்டது. பொருள், வீடு, பாடசாலை, நூலகம் எதுவும் கூட வரவில்லை. தொழுகை நேரம் மட்டும் வந்தது. யாழ்ப்பாணத்துக்கும் புத்தளத்துக்கும் அதில் ஒரு சில நிமிட வித்தியாசமே. சுபஹுத் தொழுதுவிட்டு, வெயில் ஏறுமுன் பள்ளியின் பாயிலேயே அமர்ந்து படித்ததாகத் தம்பி சொன்னான். இரவில் இஷா முடிந்த பிறகு குப்பி விளக்கு. முகாமில் அமைதியாக இருந்த ஒரே இடம் அந்தப் பள்ளி என்பதையும் அவனே சொன்னான். மன ஒருமை என்று பெரிய வார்த்தையில் நாம் பேசுவது சில வேளைகளில் சத்தமில்லாத ஒரு பாய்தான்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்களும் மின்சாரமின்றி, ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து ஒரு துளி மண்ணெண்ணெயில் எரித்த விளக்கில்தான் படித்தோம், எழுதினோம். பொருளாதாரத் தடையைப் பற்றி, அந்த ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். புத்தளத்துக் குப்பி விளக்கைப் பற்றி அப்போது ஒரு வரிகூட எழுதவில்லை. அஞ்சினேன் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று இப்போது சொல்லிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. விடியற்காலையில் பாங்கு கேட்காததைச் சில நாள்கள் கவனித்தோம், பிறகு பழகிவிட்டோம். நான் ஒரு சிறிய அலாரம் மணிக்கூடு வாங்கினேன்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், வெளியேற்றம் தவறு என்று புலிகள் தரப்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2009இல் போர் முடிந்தது. வெளியேற்றத்தை ஆராய்ந்த பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. ஒஸ்மானியாக் கல்லூரியில் மீண்டும் மணி அடிக்கிறது. திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். ஆனால் போனவர்களில் திரும்பியோர் சிறுபகுதியே. இருபது ஆண்டுகளில் புத்தளத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே திருமணம் செய்த தலைமுறைக்குச் சோனகத் தெரு என்பது பெற்றோர் சொல்லும் கதை. நாட்டின் ஏனைய பாகங்களிலிருந்து யாழ். பல்கலைக்கழகத்துக்கு வரும் முஸ்லிம் மாணவர்களை இப்போது வெள்ளிக்கிழமைகளில் நகரத்துப் பள்ளிவாசலில் காணலாம். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தெருவின் கதை தெரியும் என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை.

என் நண்பன் இன்னமும் புத்தளத்தில்தான் இருக்கிறான். ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்டான். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அவனுடைய கடைசி மகளின் மேசைக்கு மேல் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருந்தது. வண்ணப் பேனாக்களால் கோடு போட்டு அழகாக எழுதியிருந்தாள். முதல் வரியில் 'சுபஹுக்குப் பிறகு உயிரியல்' என்று இருந்தது. மணி எதுவும் குறிக்கப்படவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட நண்பன், "நீ இப்பவும் விடிய எழும்புறனியோ?" என்று கேட்டான். கைத்தொலைபேசியில் நாலரைக்கு அலாரம் வைத்திருப்பதாகச் சொன்னேன்.